சிசேரியனுக்கு நாள் குறிச்சாச்சா? தொட்டிலுக்கு முன்னாடி கட்டிலைப் பாருங்க

எனக்கு 36வது வாரத்துலயே தெரிஞ்சு போச்சு. பையன் தலையை மேல வெச்சுக்கிட்டு சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான், டாக்டரம்மா இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம் திரும்பலன்னா சிசேரியன்தான்னாங்க, அவன் திரும்பல. உடனே வீட்ல ஆளாளுக்கு பர்ச்சேஸ். தொட்டில், கொசுவலை, முப்பது சட்டை, மஸ்லின் துணி, கிலுகிலுப்பை வரைக்கும் வந்துருச்சு. வயித்தை அறுத்துத் தைச்சுட்டு வர்ற ஒருத்தி இந்த வீட்ல எங்க படுப்பா, எப்படி எந்திரிப்பா, எந்த பாத்ரூமுக்குப் போவான்னு மட்டும் யாருமே யோசிக்கல, நானும்தான். அம்மா வீட்ல எனக்குப் போட்டு வெச்சிருந்தது தரையில பாய், அது மேல ஒரு மெத்தை. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னிக்கு ராத்திரி அதுலருந்து எந்திரிக்க முடியாம நான் அழுத அழுகைல தெருவே முழிச்சிருக்கும். விடிஞ்சதும் அப்பா பக்கத்து வீட்ல ஒரு கட்டில் கடன் வாங்கி, அதுவும் உயரம் பத்தலன்னு நாலு காலுக்கும் செங்கல் வெச்சுக் குடுத்தாரு.

2019-21 தேசிய குடும்ப நல சர்வேல பார்த்தா தமிழ்நாட்டுல நடக்குற பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன், இந்தியா மொத்தத்துக்கும் 21.5தான். அதாவது நம்ம ஊர்ல கிட்டத்தட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர். வீட்டுக்கு வீடு ஒருத்தி இருக்கா, ஆனா இதுக்கு எப்படி ரெடியாகணும்னு கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அரை மணி நேரத்துல முடிஞ்சுரும்"னு முடிச்சுடுறாங்க. முடியறது ஆபரேஷன் மட்டும்தான். இப்ப என் சித்தி பொண்ணுக்கு அடுத்த மாசம் நாள் குறிச்சிருக்கு, அவளுக்கு போன்ல துண்டு துண்டா சொன்னதை எல்லாம் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லீங்க, உங்க உடம்புக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

நாள் குறிக்கும்போது

அவசரம் எதுவும் இல்லாத சிசேரியன்னா பொதுவா 39 வாரம் முடிஞ்சப்புறம்தான் வைப்பாங்க. அதுக்கு முன்னாடி எடுத்தா குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து இன்குபேட்டர்ல வைக்கிற சான்ஸ் அதிகம், நுரையீரல் கடைசி வாரங்கள்லதான் நல்லா தயாராகுது. நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கறது, ரெட்டைக் குழந்தை, பிபி, இந்த மாதிரி காரணம் இருந்தா டாக்டரே முன்னாடி வைப்பாங்க, அது வேற கதை.

அடுத்து நம்ம வீட்டு ஸ்பெஷல், ஜோசியர். நல்ல நேரம் பார்க்கறதை நான் வேணாம்னு சொல்லல, எங்க வீட்லயும் பார்த்தாங்க. ஆனா வரிசையை மாத்தாதீங்க. முதல்ல டாக்டர் ஒரு நாலஞ்சு நாள் குடுப்பாங்க, அதுக்குள்ள ஜோசியர்கிட்ட கேளுங்க. ஜோசியர் சொன்ன நாளுக்காக 37 வாரத்துல எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. எங்களுக்கு திங்கக்கிழமை ஒன்பதே கால்லருந்து பத்தே காலுக்குள்ளன்னு குறிச்சுக் குடுத்தாரு, ராகு காலம் முடிஞ்சு எமகண்டம் தொடங்கறதுக்குள்ள. அன்னிக்கு காலைல தியேட்டருக்கு ஒரு எமர்ஜென்சி கேஸ் வந்துருச்சு, என் பையன் பொறந்தது பத்து அம்பதுக்கு, சுத்தமான எமகண்டம். மாமியார் ரெண்டு நாள் முகம் வாடி இருந்தாங்க, அப்புறம் அவன் சிரிக்க ஆரம்பிச்சதும் யாருக்கும் நேரம் ஞாபகம் இல்ல.

முக்கியமா இன்னொண்ணு. நாள் குறிச்சாச்சுன்னு குழந்தை அதுவரைக்கும் காத்திருக்கணும்னு சட்டம் இல்ல. நடுவுல வலி எடுத்தாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ உடனே கிளம்பிடணும், "அதான் வியாழக்கிழமை டேட் இருக்கே"ன்னு உட்காரக்கூடாது. கிளம்பும்போது எதுவும் சாப்பிடாமப் போங்க, ஏன்னா போனதும் தியேட்டருக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க.

முந்தின ரெண்டு மூணு வாரம்

ரத்தம். சிசேரியன்ல அரை லிட்டர்லருந்து ஒரு லிட்டர் வரைக்கும் ரத்தம் போறது சகஜம், அதனால ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு கேட்டு வெச்சுக்கோங்க. 11க்கு கீழ இருந்தா ரத்தசோகைன்னு அர்த்தம், கடைசி நேரத்துல பேரீச்சம்பழம் தின்னு ஏத்த முடியாது, மாத்திரையோ ட்ரிப்ல ஏத்துற இரும்புச்சத்து ஊசியோ எதுன்னு டாக்டர் சொல்லுவாங்க. மாத்திரையை டீ காபியோட போடாதீங்க, உடம்புல ஒட்டாது. உங்க குரூப் நெகட்டிவ்னா இன்னும் ஜாக்கிரதை, குழந்தை பாசிட்டிவா பொறந்தா 72 மணி நேரத்துக்குள்ள உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போடணும், அதை வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைங்க, உங்களுக்கு அன்னிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ரத்தம் ஏத்த வேண்டி வந்தா எங்க வாங்கறது, பதிலுக்கு யார் குடுப்பாங்கன்னும் முன்னாடியே பேசிடுங்க.

மயக்க டாக்டர் ஒரு தடவை பார்ப்பாங்க. ஆஸ்துமா, தைராய்டு, மருந்து அலர்ஜி, முதுகுல ஏதாவது பிரச்சனை, முன்னாடி பண்ண ஆபரேஷன் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ ஊசியோ எடுக்கறீங்கன்னா, இல்ல இன்சுலின் போடறீங்கன்னா, அதை எப்ப நிறுத்தணும்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனா நிறைய பேர் மாட்டிக்கிறது. மூக்குத்தி. தியேட்டர்ல உலோகம் எதுவும் போட விடமாட்டாங்க, சில மூக்குத்தி திருகாணி வருஷக்கணக்கா திறக்காம இறுகிப் போய் இருக்கும். ஒரு வாரம் முன்னாடியே நகை ஆசாரிகிட்ட போய் கழட்டிப் பாருங்க. மெட்டியும் அப்படித்தான், மாசம் ஆக ஆக கால் வீங்கி இறுகிரும், சோப்பு போட்டு முன்னாடியே எடுத்துருங்க. தாலிக்கொடி பெரிய பேச்சா வரும், கொடியை வீட்ல பூட்டி வெச்சுட்டு ஒரு மஞ்சக் கயிறு மட்டும் கட்டிக்கிட்டா பெரும்பாலும் ஒத்துக்கறாங்க. வளைகாப்பு வளையலையும் கழட்டணும், ட்ரிப் ஏத்த கை வேணுமே.

இன்னொண்ணும் முன்னாடியே முடிவு பண்ணணும். சிசேரியன் பண்ணும்போதே காப்பர் டி போடவா, ரெண்டாவது குழந்தைன்னா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணவான்னு கேப்பாங்க. டேபிள்ல படுத்துக்கிட்டு முடிவு எடுக்கற விஷயமா அது? வீட்டுக்காரரோட உட்கார்ந்து பேசுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்றதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

பணம் பத்தி சுருக்கமா. அரசு ஆஸ்பத்திரில சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம், தங்கறப்ப ஏழு நாள் வரைக்கும் தாய்க்கு சாப்பாடும் உண்டு, வீட்டுக்கு வர 102 வண்டி இருக்கு. பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசுகிட்ட பதியும்போது குடுக்கற நம்பர்) எல்லாருக்கும் வேணும், பிரைவேட்ல பெத்துக்கிட்டாலும்தான், பிறப்பு சர்டிபிகேட்டுக்கு கேப்பாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு தகுதி இருந்தா கிராம செவிலியரைப் பிடிங்க. இன்சூரன்ஸ்ல பிரசவத்துக்கு காத்திருப்புக் காலம் இருக்கும், பாலிசியை இப்பவே எடுத்துப் படிங்க.

வீட்டை ரெடி பண்றது

இதைத்தான் நான் தலைகீழா பண்ணேன். நீங்க உட்கார்ந்தா முட்டியை விட இடுப்பு கொஞ்சம் மேல இருக்கற உயரத்துல ஒரு கட்டில் வேணும். தரையில படுக்கறது, குட்டை சோபா, கயித்துக்கட்டில் மூணும் வேலைக்கு ஆகாது, கயித்துக்கட்டில் நடுவுல குழி விழுந்து எந்திரிக்கவே முடியாது. பாத்ரூம் அடுத்தது. இந்தியன் டாய்லெட்தான் இருக்குன்னா நடுவுல ஓட்டை வெச்ச பிளாஸ்டிக் சேர் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும், வாங்கி மேல போட்டுருங்க. குளிக்க ஒரு ஸ்டூல், பக்கெட்டையும் இன்னொரு ஸ்டூல் மேல ஏத்தி வைங்க, குனிஞ்சு தண்ணி மொள்ளக்கூடாது. குழந்தைக்குத் துணி மாத்த இடுப்பு உயரத்துல ஒரு மேஜை. கட்டில்லருந்து கை எட்டுற தூரத்துல தண்ணி பாட்டில், மாத்திரை, சார்ஜர். மாடி வீடுன்னா ஏறலாம், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை மெதுவா, ஆனா படுக்கையும் பாத்ரூமும் ஒரே தளத்துல இருக்கற மாதிரி பார்த்துக்கோங்க.

அப்புறம் ஆள். முதல் ரெண்டு வாரம் ராத்திரி குழந்தையைத் தூக்கி உங்க பக்கத்துல குடுக்க ஒருத்தர் வேணும். அம்மாவுக்கு மூட்டு வலின்னா அவங்களை மட்டும் நம்பி இருக்காதீங்க, வீட்டுக்காரரை ராத்திரி ட்யூட்டில போடுங்க. "ஆம்பளை எதுக்கு பிரசவ ரூம்ல"ன்னு ஒரு பெரியம்மா கேப்பாங்க, கேட்டுட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரிப் பையில மாச மளிகைப் பை மாதிரி எல்லாத்தையும் திணிக்காதீங்க. முன்பக்கம் ஜிப் வெச்ச நைட்டி நாலு, தையலுக்கு மேல வர்ற மாதிரி பெரிய சைஸ் காட்டன் ஜட்டி (வழக்கமா போடறது கரெக்டா தையல் மேல உரசும்), பெரிய பேட், ஸ்வெட்டர் சாக்ஸ், வழுக்காத செருப்பு, வளையற ஸ்ட்ரா, ரெண்டு எக்ஸ்ட்ரா தலகாணி, குழந்தைக்கு பழைய வேட்டித் துணி துவைச்சு வெயில்ல காயவெச்சது, எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைல்ல. ஸ்ட்ரா சிரிப்பா இருக்கும், படுத்துக்கிட்டே தண்ணி குடிக்கும்போது என்னை நினைப்பீங்க.

முதல் நாள் ராத்திரியும் காலையும்

ராத்திரி எட்டு மணிக்கு இட்லி மாதிரி லேசா சாப்பிடுங்க. ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி திட உணவு நிறுத்தணும், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஓகேன்னு இப்ப நிறைய மயக்க டாக்டருங்க சொல்றாங்க, ஆனா நம்ம ஊர்ல பல இடத்துல இன்னும் பன்னெண்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி கூடாதும்பாங்க, உங்க இடத்துல என்னன்னு கேட்டுக்கோங்க. பசிக்குதேன்னு யாருக்கும் தெரியாம ரெண்டு பிஸ்கட் தின்னுட்டு மறைக்காதீங்க, மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்குள்ள போறது உயிருக்கே ஆபத்து. தின்னுட்டா சொல்லிடுங்க, திட்டுவாங்க, அவ்வளவுதான்.

கீழ முடியை வீட்ல ரேஸர் போட்டு வழிக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதுல கிருமி ஏறும். தேவைன்னா ஆஸ்பத்திரிலயே ட்ரிம்மர்ல எடுப்பாங்க. ராத்திரி ஒரு தடவை காலைல ஒரு தடவை சோப்பு போட்டுக் குளிங்க, தலைக்கு ரெட்டை ஜடை (மல்லாந்து படுக்கும்போது நடுவுல கொண்டை குத்தும்), ஹேர்பின் வேணாம், நெயில் பாலிஷ் எடுத்துடுங்க, விரல்ல மாட்டுற க்ளிப் நகம் வழியாத்தான் ஆக்சிஜன் பார்க்குது.

தியேட்டருக்குள்ள

குளிரும். பயத்துல இன்னும் குளிரும். முதுகுல மரக்கற ஊசி போடறதுக்காக டேபிள்ல உட்கார வெச்சு தலையைக் குனிஞ்சு, தோளைத் தொங்கப் போட்டு, முதுகைப் பூனை மாதிரி வளைக்கச் சொல்லுவாங்க, அந்தப் பெரிய வயித்தோட அதுதான் கஷ்டமே தவிர ஊசி இல்ல. முதல்ல மரத்துப் போக ஒரு சின்ன ஊசி, எறும்பு கடிச்ச மாதிரி, அப்புறம் மெயின் ஊசி ஒரு அழுத்தமாத்தான் தெரியும். ஆடாம இருங்க. ஒரு நிமிஷத்துல உட்காருற இடம் சூடாகி, கால் ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி ஆகிடும். அப்ப பிபி இறங்கி குமட்டும், கண்ணு இருட்டும், உடனே தலைமாட்டுல நிக்கிற மயக்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க வேலையே அதுதான், ஒரு ஊசில சரியாகும்.

வலி தெரியாது, ஆனா இழுக்கறது அழுத்தறது எல்லாம் தெரியும், அரிசி மூட்டைக்குள்ள யாரோ கையை விட்டு எதையோ துழாவுற மாதிரி. இதை எனக்கு யாருமே சொல்லல, ஐயோ மருந்து வேலை செய்யலன்னு பயந்துட்டேன். கூர்மையா வலிச்சா மட்டும் சொல்லணும். குழந்தை அஞ்சு பத்து நிமிஷத்துல வெளிய வந்துரும், கடைசில நெஞ்சுக்குக் கீழ பலமா அமுக்குவாங்க, அப்புறம் ஒவ்வொரு அடுக்கா தைக்கத்தான் முப்பது நாப்பது நிமிஷம். முடிஞ்சதும் பல்லு கிட்டிக்கற மாதிரி நடுங்கும், ரொம்ப பேருக்கு வர்றதுதான், கம்பளி கேளுங்க.

முதுகுல ஊசி போட்டதால ஆயுசுக்கும் முதுகு வலின்னு ஊரே சொல்லும். ஊசி போட்ட இடத்துல சில நாள் லேசா வலிக்கலாம், மாசக்கணக்கா வர்ற வலிக்குக் காரணம் பெரும்பாலும் கூன் போட்டு உட்கார்ந்து பால் குடுக்கறதும் வயித்துத் தசை தளர்ந்து போனதும்தான், நார்மல் டெலிவரி ஆனவங்களுக்கும் அந்த வலி இருக்கு. ஆனா ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு உட்கார்ந்தா தலை வெடிக்கிற மாதிரி வலி, படுத்தா குறையுதுன்னா அது ஊசியால வர்ற தலைவலி. மறைக்காம சொல்லுங்க, வைத்தியம் இருக்கு.

முதல் 24 மணி நேரம்

யூரின் ட்யூப் இருக்கும், ட்ரிப் இருக்கும், சிஸ்டர் வந்து வந்து வயித்தை அமுக்கிப் பார்ப்பாங்க, வலிக்கும், கர்ப்பப்பை சுருங்குதான்னு பார்க்கறாங்க, பல்லைக் கடிச்சுக்கோங்க. கால் உணர்ச்சி திரும்ப ரெண்டுலருந்து நாலு மணி நேரம் ஆகும். திரும்பினதும் பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் கால்ல ரத்தம் கட்டிக்கற ஆபத்து இருக்கு.

பால். சிசேரியன்னா பால் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல்ல வர்றது மஞ்சளா கெட்டியா சீம்பால், நாலு சொட்டுதான் வரும், முதல் நாள் குழந்தைக்கு அதுவே போதும். நிறைய பால் இறங்க மூணு நாலு நாள் ஆகலாம், சிசேரியன்ல இன்னும் ஒரு நாள் தள்ளலாம், அதுக்குள்ள பதறி பவுடர் டப்பா திறக்க வேணாம், டாக்டர் சொன்னா மட்டும் குடுங்க. முடிஞ்சா முதல் ஒரு மணி நேரத்துலயே குழந்தையை நெஞ்சுல போடச் சொல்லிக் கேளுங்க. ஒருக்களிச்சுப் படுத்துக் குடுக்கலாம், இல்ல குழந்தையைக் கக்கத்துல இடுக்கின மாதிரி பக்கவாட்டுல வெச்சுக் குடுக்கலாம், ரெண்டுலயும் தையல் மேல பாரம் விழாது. சேனை வைக்கிறேன்னு தாத்தா சர்க்கரைத் தண்ணியோட, தேனோட வருவாரு. கழுதைப்பால் சங்கோட கூட வருவாங்க. சிரிச்சுக்கிட்டே "டாக்டர் திட்டுவாங்க தாத்தா"ன்னு டாக்டர் மேல பழியைப் போடுங்க, எனக்கு அதுதான் வேலை செஞ்சுச்சு. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது.

இப்ப மெயின் மேட்டர், எந்திரிக்கறது. அன்னிக்கு சாயந்திரமோ மறுநாள் காலைலயோ எந்திரிக்கச் சொல்லுவாங்க, எந்திரிச்சே ஆகணும், எவ்வளவு சீக்கிரம் நடக்கறோமோ அவ்வளவு நல்லது. வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க. மல்லாக்கப் படுத்துக்கிட்டே நேரா எந்திரிக்க முயற்சி பண்ணாதீங்க, யாரும் கையைப் பிடிச்சு இழுக்கவும் விடாதீங்க, எங்க அத்தை பாசத்துல இழுத்தாங்க, நான் கத்துன கத்து நர்ஸ் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. முட்டியை மடக்குங்க. உடம்பு முழுசும் ஒரு கட்டையா ஒரு பக்கமா உருளுங்க. ரெண்டு காலையும் கட்டிலுக்கு வெளிய தொங்கப் போடுங்க, அதே நேரம் மேல் கையை மெத்தையில ஊன்றி முழங்கையால தள்ளி உட்காருங்க. ரெண்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்து மூச்சு விடுங்க, தலை சுத்தல் நின்னதும் ஒருத்தர் பக்கத்துல நிக்க எந்திரிங்க. நின்னதும் கீழ ரத்தம் கொஞ்சம் சளக்குன்னு வரும், படுத்திருக்கும்போது தேங்கினது, பயப்படாதீங்க. குடல் கீழ விழுந்துரும் போல இருக்கும், விழாது, ஏழெட்டு அடுக்கு பத்திரமா மூடி இருக்கு. கூன் போடாம நடங்க. இருமல், தும்மல், சிரிப்பு வந்தா தலகாணியை வயித்துல அமுக்கிப் பிடிச்சுக்கோங்க. இந்த உருள்ற முறையை இப்பவே வயித்தோட நாலு நாள் பழகி வெச்சா அன்னிக்கு உடம்பே தானா செய்யும்.

அடுத்தது காத்து. வர்ற டாக்டர், சிஸ்டர், ஆயாம்மா எல்லாரும் ஒரே கேள்வி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" வெட்கப்பட ஒண்ணும் இல்ல, குடல் முழிச்சிருச்சான்னு பார்க்கறாங்க. வயிறு உப்பி, சில பேருக்கு தோள்பட்டை வரைக்கும் குத்தும், தையல் வலியை விட இது மோசம். நடந்தாத்தான் போகும். எனக்குப் பிரிஞ்ச அன்னிக்கு அம்மா அப்பாவுக்கு போன் போட்டு சொன்னாங்க, அவர் மில்லுல ட்யூட்டில இருந்தாரு. மலம் கழிக்க பயமா இருக்கும், முக்காதீங்க, இளக்கறதுக்கு சிரப் கேட்டு வாங்கிக்கோங்க.

வலி மாத்திரை பாலுக்கு ஆகாதுன்னு போடாம இருக்காதீங்க. எழுதிக் குடுக்கறது பால் குடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சே குடுக்கறதுதான். வலி உச்சிக்குப் போனப்புறம் போடாம, நேரத்துக்கு நேரம் போடுங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்

பிரைவேட்ல மூணுலருந்து அஞ்சு நாள், அரசு ஆஸ்பத்திரில ஒரு வாரம் வரைக்கும்கூட இருக்கலாம். தையல் தானா கரையறதா, பிரிக்கணுமான்னு கேட்டுக்கோங்க.

புண்ணுக்கு ரெண்டே வேலை, சுத்தம், ஈரமில்லாம. டாக்டர் குளிக்கலாம்னு சொன்னப்புறம் சோப்புத் தண்ணி மேல வழிஞ்சு போகட்டும், தேய்க்காம, சுத்தமான துணியால ஒத்தி எடுத்து, ஃபேன் காத்துல ரெண்டு நிமிஷம் காய விடுங்க. வயிறு தொங்கி மடிப்பு விழுந்து மூடும், அந்த மடிப்புக்குள்ள வேர்வை நிக்கறதுதான் சீழுக்குப் பாதி காரணம், முக்கியமா சித்திரை வைகாசில. மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் வைக்காதீங்க. குனிஞ்சா தெரியாது, அதனால தினம் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, நேத்தைக்கும் இன்னைக்கும் வித்தியாசம் தெரிஞ்சுரும். தையலைச் சுத்தி மரத்துப் போன மாதிரி மாசக்கணக்கா இருக்கும், அரிக்கவும் செய்யும், அது சாதாரணம்.

வேது தண்ணி வெச்சு வயித்துல ஓங்கி ஓங்கி அடிச்சு ஊத்துற பாட்டியை அன்பா தடுங்க. அது நார்மலுக்குப் பார்த்து வெச்ச பழக்கம், புதுத் தையல் தாங்காது. முதுகுக்கு வெந்நி ஊத்தச் சொல்லுங்க, சொர்க்கம். வயித்துல துணி கட்டுறது, பெல்ட் போடறது நடக்கும்போது தாங்கலா இருக்கும், ஆனா மூச்சு முட்ட இறுக்கக்கூடாது, அதனால வயிறு உள்ள போகும்னு எதிர்பார்க்கவும் வேணாம். குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை வேணாம், அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது.

பத்தியம். நான் முழு எதிர்ப்பு இல்ல. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, மிளகு ரசம், முட்டை இதெல்லாம் புண் ஆறத் தேவையான புரதமும் இரும்பும் குடுக்கற சாப்பாடுதான், பால் சுறா கிடைக்கற ஊர்க்காரங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமை. என் சண்டை எல்லாம் தண்ணியோடதான். "தண்ணி குடிச்சா தையல் சீழ் பிடிக்கும், வயிறு ஊதிரும்"னு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் அளந்து குடுத்தாங்க. மூணாவது நாள் மலச்சிக்கல், யூரின் எரிச்சல், பாலும் இறங்கல. தண்ணிக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்ல. பால் குடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர்னு கணக்கு வெச்சுக்கோங்க. பழம், காய், பருப்பு கூடாதுங்கறதையும் கேக்காதீங்க. லேகியத்துல கருப்பட்டி நிறைய இருக்கும், சுகர் இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் தின்னுங்க.

ஆறு வாரத்துக்கு குழந்தையை விட பாரமா எதையும் தூக்காதீங்க. தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர், மூத்த பிள்ளை எதுவும். மூத்தது ஓடி வந்து ஏறும், நீங்க உட்கார்ந்ததும் பக்கத்துல வந்து ஒட்டிக்கப் பழக்குங்க. ஸ்கூட்டி, குனிஞ்சு கூட்டறது, தரையில உட்கார்ந்து துணி துவைக்கறது எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா படுத்தே கிடக்காதீங்க, வீட்டுக்குள்ளயே தினம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி நடங்க.

சிசேரியன்னாலும் ரத்தப்போக்கு நாலஞ்சு வாரம் இருக்கும், சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு மஞ்சளா மாறும். ஒரு மணி நேரத்துல ஒரு பெரிய பேட் முழுசா நனைஞ்சா, பெரிய கட்டியா விழுந்தா, நாத்தம் அடிச்சா, காய்ச்சல் 100.4க்கு மேல போனா, தையல் சிவந்து சூடாகி சீழ் வந்தாலோ வாய் பிளந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா, கடுமையான தலைவலியோட கண்ணு மங்கினா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, வலிப்பு வந்தா 108. பச்ச உடம்புக்கு வெளிய போகக்கூடாது, தீட்டு கழியலன்னு எல்லாம் காத்திருக்க வேணாம்.

மனசு. மூணாவது நாளோ நாலாவது நாளோ காரணமே இல்லாம அழுகை வரும். பாக்க வர்றவங்க "ஆபரேஷனா? அப்ப நோகாம பெத்துட்ட"ன்னு சொல்லிட்டு ஆர்லிக்ஸ் பாட்டிலைக் குடுத்துட்டுப் போவாங்க. (அந்த வரியைச் சொன்னவங்க லிஸ்ட் இன்னும் என்கிட்ட இருக்கு.) பத்து நாள்ல அடங்கிரும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமே வராம இருக்கறது, குழந்தை மேல ஒட்டுதல் இல்லாத மாதிரி, செத்துரலாம் போலன்னு நினைப்பு வந்தா அது வியாதி, மருந்து இருக்கு. 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல.

பிறப்பை 21 நாளைக்குள்ள பதிஞ்சுட்டா கட்டணம் இல்ல. ஆஸ்பத்திரில பொறந்தா அவங்களே அனுப்புவாங்க, பெத்தவங்க பேர் ஸ்பெல்லிங் மட்டும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடி பாருங்க, அப்புறம் அலையறது பெரிய அலைச்சல்.

ஆறு வாரம் ஆனதும்

குழந்தை தடுப்பூசிக்குப் போற அதே சமயம் உங்களையும் காட்டிட்டு வாங்க. நம்மள்ல பாதிப் பேர் குழந்தையைத் தூக்கிட்டுப் போய் ஊசி போட்டுட்டு அப்படியே திரும்பி வந்துடறோம். தையல், பிபி, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்க. இருமினா யூரின் சொட்டுதுன்னா அதையும் வெட்கப்படாம சொல்லுங்க, பயிற்சி சொல்லித் தருவாங்க. தாம்பத்தியம் எப்ப, கருத்தடை எதுன்னும் அப்பவே கேளுங்க, பீரியட்ஸ் வரலங்கறதுக்காக கரு தரிக்காதுன்னு இல்ல. அடுத்த குழந்தைக்கு குறைஞ்சது ஒன்றரை வருஷமாவது, முடிஞ்சா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தரிக்கணும், கர்ப்பப்பையில போட்ட தையல் உறுதியாகணும்.

முதல்ல சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியன்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. எனக்கு மாதிரி குழந்தை திரும்பாததுதான் காரணம்னா அடுத்தது நார்மலுக்கு முயற்சி பண்ண வாய்ப்பு உண்டு, அது அடுத்த டாக்டர் பார்த்துச் சொல்லணும், அவங்க பார்க்கறதுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி வேணும். கர்ப்பப்பையில எந்தப் பக்கமா வெட்டு, எதுக்காகப் பண்ணாங்க, ரத்தம் எவ்வளவு போச்சு எல்லாம் அதுலதான் இருக்கும், வெளிய தெரியற தழும்பை வெச்சு உள்ள எப்படின்னு சொல்ல முடியாது. போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போன்ல ஒண்ணு, உங்க போன்ல ஒண்ணு வெச்சுட்டு, ஒரிஜினலை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரேஷன் கார்டு இருக்கற இடத்துல வைங்க, அந்த இடம்தான் வீட்ல எல்லாருக்கும் தெரியும்.